ஒரே துணி, ஒரே அளவு: பள்ளி விளையாட்டு உடை குறித்து ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் ஐயா அவர்களுக்கும், தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், விளையாட்டுப் பிரிவு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ஆண்டு 5-இல் படிக்கும் ஒரு மாணவியின் தாய். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு 18 ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். பள்ளியின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. பெயரைச் சொல்லி உங்களைத் தலைகுனிய வைப்பது என் நோக்கமில்லை. விளையாட்டுப் போட்டியில் மாணவிகள் மட்டும் நீளக் கால்சட்டை அணிய வேண்டும் என்ற இதே விதி தலைநகரில் வேறு சில பள்ளிகளிலும் இருப்பது, அந்தப் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுக்கும் எனக்குத் தெரியும். உங்களிடம் நேரில் சொல்லத்தான் முதலில் முயன்றேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் 'இதர விவகாரங்கள்' வந்தபோது கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிவிட்டேன். மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் நீல நிற மைக்ரோஃபைபர் துணி வாங்கி வந்தேன். என் மகளும் எதிர்வீட்டுப் பையனும் நீல இல்லம். இருவருக்கும் 11 வயது. உயரத்தில் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. மாலையில் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் திடலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடிப் பழகுவார்கள். ஒரு நாள் இவள் முந்துவாள், ஒரு நாள் அவன். ஒரே அளவு அட்டையை வைத்து இருவருக்கும் அரைக்கால் சட்டை வெட்டினேன். நீளம் 15 அங்குலம். போட்டுப் பார்த்தால் முழங்காலுக்கு மூன்று விரற்கடை மேலே நிற்கும். ஓடும்போது கிழியாமல் இருக்கக் கவட்டில் இரட்டைத் தையல் ஓட்டினேன். இடுப்பில் இலாஸ்டிக்கோடு நாடாவும் கோத்தேன். தைத்து முடித்து மேசைமேல் போட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மகளுடையதன் உள்பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் சுற்றறிக்கை வந்தது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாணவர்களுக்கு ஒரே வரி: இல்ல நிறச் சட்டை, விளையாட்டுக்கு ஏற்ற கால்சட்டை. மாணவிகளுக்கு ஏழு வரிகள். கணுக்கால் வரை நீளக் கால்சட்டை. உடம்பைப் பிடிக்காத சட்டை. சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். உள்சட்டை கட்டாயம். கையில்லாத சட்டை கூடாது. தலைமுடி பின்னியிருக்க வேண்டும். ஏழாவது வரி, மேற்சொன்னபடி 'கண்ணியமாக' வராதவர்கள் போட்டியில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்பது. கண்ணியம் என்ற சொல் மாணவிகள் பகுதியில் மூன்று முறை வருகிறது. மாணவர்கள் பகுதியில் ஒரு முறைகூட வரவில்லை. விளையாட்டுக்கு ஏற்றது என்ற சொல் மாணவர்கள் பகுதியில் இருக்கிறது. மாணவிகள் பகுதியில் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை அணியலாமா என்று வகுப்பு ஆசிரியைக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தவறு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி நாளன்று காலை ஒன்பதே முக்காலுக்குப் பெண்கள் அஞ்சல் ஓட்டத்துக்கு அழைத்தார்கள். என் மகள் கடைசியாக ஓடுபவள். அழைப்பு மேசையில் பெயரைக் குறிக்கும்போதே அவளைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். நான் கூடாரத்தின் இந்தப் பக்கம் இருந்தேன். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் பொருள் அறையிலிருந்து யாரோ விட்டுச் சென்ற கறுப்பு நீளக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய அரைக்கால் சட்டைக்கு மேலேயே போடச் சொன்னார்கள். இடைநிலைப் பள்ளிப் பிள்ளையின் அளவு அது. இலாஸ்டிக் நைந்து போயிருந்தது. ஓர் ஆசிரியை தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி இடுப்பில் குத்திவிட்டார், கால் பக்கத்தை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். நேரமாகிறது, பிள்ளை ஓடவேண்டும் என்ற பதற்றம் அவருக்கு இருந்தது. தன் கையில் இல்லாத ஒரு விதிக்கு அவரால் முடிந்த உதவி அந்த ஊக்குதான்.

மூன்றாவதாக ஓடி வந்த பிள்ளை கோலை நீட்டியபோது நீல இல்லம் இரண்டாவது இடத்தில் இருந்தது. என் மகள் வலக்கையில் கோலை வாங்கினாள். இருபது அடி போயிருப்பாள், ஊக்கு விட்டுவிட்டது. இடக்கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டக்காரர்களுக்கு ஒரு கை போனால் என்ன ஆகும் என்று உடற்கல்வி ஆசிரியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோள் ஒரு பக்கம் இழுக்கிறது, கால் அகலமாக விழ மாட்டேன் என்கிறது, மடிப்பு பிரிந்து துணி குதிகாலுக்கு அடியில் போகிறது. அவள் விழவில்லை. கோலையும் விடவில்லை. நான்காவதாக வந்து சேர்ந்தாள். கோட்டைத் தாண்டிய பிறகும் கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மைலோ பானம் கொடுக்கும் வண்டி பக்கம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். போகவில்லையா என்று கேட்டேன். எழுந்தால் நழுவிவிடும் என்றாள்.

அடுத்த பந்தயம் ஆண்கள் அஞ்சல் ஓட்டம். எதிர்வீட்டுப் பையன் என் தையலைப் போட்டுக்கொண்டு ஓடினான். அழகாக ஓடினான். அவன் அம்மாவோடு சேர்ந்து நானும் எழுந்து நின்று கைதட்டினேன். என் மகளும் கைதட்டினாள், ஒரு கையால் தொடையில். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்ட ஒரே கேள்வி: "அம்மா, அவன் காலும் என் காலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது?"

அன்று இரவு இரண்டு கால்சட்டைகளையும் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக்கால் சட்டை 90 கிராம். அந்தக் கறுப்புக் கால்சட்டை 310 கிராம். இரண்டையும் நனைத்து, பிழிந்து, மறுபடி நிறுத்தேன். ஒன்று 150 கிராம், மற்றது 560 கிராம். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு ஓடும் பிள்ளைக்கு அந்தத் துணி நனையாமல் இருக்குமா? 2023-இல் வெயில் கடுமையாக இருந்தபோது பிள்ளைகள் விளையாட்டு உடையிலேயே பள்ளிக்கு வரலாம் என்று கல்வியமைச்சு விட்டுக்கொடுத்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே வெயில் தாங்காது என்று தெரிகிறபோது, ஓடுகிற பிள்ளையின் காலில் அரைக் கிலோ ஈரத் துணியைக் கட்டிவிடுவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது எனக்கே சுடுகிற விஷயம். அன்று காலை எட்டரை மணிக்குச் சிறப்பு விருந்தினரை வரவேற்க ஆண்டு 4, 5 மாணவிகள் 12 பேர் நடனம் ஆடினார்கள். அந்த 12 பாவாடைகளையும் தைத்தவள் நான். மஞ்சள் சாட்டின், அடியில் நெட் துணி வைத்து விரிப்பாகத் தைத்தது. நீளம் 13 அங்குலம். அளவை ஏற்பாட்டுக் குழுவே கொடுத்தது. படத்தைக் காட்டி, இதைவிட இறங்கினால் எடுப்பாக இருக்காது என்று சொன்னார்கள். நானும் மறுபேச்சுப் பேசாமல் தைத்துக் கொடுத்தேன், கூலியும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடினார்கள், விருந்தினர் பாராட்டினார், எல்லோரும் படம் எடுத்தார்கள். கண்ணியக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, அதே திடலில், 15 அங்குலக் கால்சட்டை கண்ணியக் குறைவாகிவிட்டது.

அந்த நடனத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஆசையோடு ஆடினார்கள். ஆனால் அந்த இரண்டு அங்குலத்தைப் பல இரவுகள் யோசித்துப் பார்த்தேன். பெண் பிள்ளை மற்றவர்கள் பார்ப்பதற்காக நிற்கும்போது உடை குட்டையாக இருக்கலாம், இருந்தே ஆகவேண்டும். அவள் தனக்காக ஓடும்போது மட்டும் கணுக்கால் வரை மூட வேண்டும். இரண்டு இடத்திலும் அளவு நாடா அவள் கையில் இல்லை. என் மனக்குறை முழுவதும் இதுதான். உடை நீளமா குட்டையா என்பது எனக்கு இரண்டாவது விஷயம்.

இது நம் பள்ளியில் மட்டும் நடக்கிற ஒன்றாக இருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நான் பூப்பந்து (பேட்மிண்டன்) பார்த்து வளர்ந்தவள். உலகப் பூப்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் நம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அந்தச் சம்மேளனம் 2011-இல் ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது: பெரிய போட்டிகளில் ஆடும் பெண்கள் பாவாடையோ கவுனோ அணிந்தே ஆகவேண்டும் என்று. ஆட்டம் பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதுதான் காரணம். ஆண்களுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஆட்டக்காரர்களே எதிர்த்தார்கள், தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 2012-இல் அதைக் கைவிட்டார்கள்.

2021-இல் பல்கேரியாவில் நடந்த கடற்கரைக் கைப்பந்து (ஹேண்ட்பால்) ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள் அரைக்கால் சட்டை அணிந்து ஆடியதற்காக 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். விதிப்படி அவர்கள் பிகினிதான் அணிய வேண்டும்; இடுப்புப் பக்கத்தில் அதன் அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆண்களுக்கோ முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே நிற்கும் கால்சட்டை போதும். உலகமே கேள்வி கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதியை மாற்றினார்கள். தையல்காரி என்பதால் அந்த இரண்டு 10 சென்டிமீட்டர் என் மனத்தில் தங்கிவிட்டது. அங்கே ஏன் மூடினாய் என்று தண்டம் கட்டச் சொன்னார்கள். இங்கே ஏன் மூடவில்லை என்று வரிசையிலிருந்து இழுத்தார்கள். எனக்கு இரண்டும் ஒரே விதியாகத்தான் தெரிகிறது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2015-இல் சிங்கப்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் சீருடற்பயிற்சி வீராங்கனை ஃபாரா ஆன் தங்கம் வென்று வந்தபோது, அவர் உடையைப் பற்றித்தான் சிலர் பேசினார்கள். அதைவிட என்னை உலுக்கியது 2017 ஏப்ரலில் புத்ராஜெயாவில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் முழங்கால் வரையிலான கவுன் பார்ப்பவரைச் சபலப்படுத்தும் என்று சொல்லப்பட்டதாக அவளுடைய பயிற்சியாளர் பகிரங்கமாக எழுதினார். அந்தப் பிள்ளை போட்டியிலிருந்து விலகிவிட்டாள். உட்கார்ந்து காய் நகர்த்தும் ஆட்டம் அது.

இனி, நீங்கள் எனக்குச் சொல்லப்போகும் பதில்களை நான் அறிவேன். பாதிப் பதில்களை வாட்சாப் குழுவில் படித்துவிட்டேன்.

முதல் பதில், நம் பண்பாடு. என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய் நின்று, பெயர் கொடுத்து, தன் மரவரிசையான நிரைக்குப் போவார். மேடு பள்ளத்தில் வாளி சுமந்து நடக்க வேண்டும், அட்டை கடிக்கும், புல் ஈரம் ஒட்டும். கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துச் செருகிக்கொண்டுதான் அத்தனை பெண்களும் நடந்தார்கள் என்று பாட்டியே என்னிடம் சொல்லியிருக்கிறார். வேலையை மேற்பார்த்த கங்காணி பார்த்தார், தண்டல் பார்த்தார், தோட்ட அலுவலகக் கிராணி பார்த்தார். கைலியை இறக்கிவிடு என்று எவரும் சொன்னதில்லை. இறக்கிவிட்டால் வேலை நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்று நட்ட நம் முன்னோர் வீட்டுப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகித்தான் சேற்றில் இறங்கினார்கள். வேலைக்கு ஏற்றபடி உடுப்பது நம் பெண்களின் வழக்கம். என் மகளுக்கு அந்தச் சனிக்கிழமை ஓட்டம்தான் வேலை.

எம். ராஜாமணி என்ற பெயரை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேராக் மாநிலத்துப் பெண். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். மறு ஆண்டு இதே கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம். அந்த ஆண்டின் தேசிய விளையாட்டு வீராங்கனையும் அவரே. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், தோட்டமும் லய வீடுகளுமாக நம் சனங்கள் வாழ்ந்த காலத்தில், ஒரு தமிழ்ப் பெண் ஓட்டக்காரருக்குரிய அரைக்கால் சட்டையில் ஓடி நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தார். நம்மவர் அதை நம் பெருமை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் எம். தீனாவும் பெர்லி டானும் நான்காம் இடம் வரை போராடியபோது நம் பெற்றோர் குழுவில் எத்தனை வாழ்த்துகள் வந்தன! 'நம் வீட்டுப் பிள்ளை' என்று எழுதினோமே. தீனாவின் முழங்காலை அன்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அந்த உயரத்துக்குப் போன பிறகு பிள்ளையைக் கொண்டாடத் தயாராக இருக்கிறோம். அவள் 11 வயதில் திடலில் நிற்கும்போது கையில் ஊக்கைக் கொடுக்கிறோம்.

இரண்டாவது பதில், பாதுகாப்பு. வெளியாட்கள் வருகிறார்கள், கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள், எங்கெங்கோ பரப்புகிறார்கள். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். தாய் என்ற முறையில் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் பயம் யாரைப் பற்றியதோ அவர்களுக்கு அல்லவா விதி போட வேண்டும்? சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே 2017-இல் நம் நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. தப்பான கண்ணோடு வருபவன்தான் குற்றவாளி என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. நுழைவாயிலில் பெயர் எழுதி வாங்குங்கள். அழைப்புக் கடிதம் இல்லாதவர்களை உள்ளே விடாதீர்கள். ஓடுபாதை ஓரத்தில் பெற்றோரைத் தவிர யாரும் படம் எடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அந்த ஏழு வரிகளில் ஒரு வரிகூடப் பார்வையாளர்களைப் பற்றியது இல்லையே.

ஆண் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். தன்னோடு தினமும் ஓடுகிறவளை ஏன் மாற்றிவரச் சொன்னார்கள் என்று அவனுக்கு இன்றுவரை புரியவில்லை. அவனுக்கு இல்லாத எண்ணத்தை நாம்தான் அவன் தலையில் போடுகிறோம். அவள் காலைப் பார்த்தால் ஏதோ தப்பு என்று முதலில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தச் சுற்றறிக்கை.

மூன்றாவது, சில பெற்றோர் நீளக் கால்சட்டையையே விரும்புகிறார்கள் என்பது. அவர்கள் பிள்ளைகள் தாராளமாக அணியட்டும். மூடி உடுத்த விரும்பும் பிள்ளையை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. முக்காடு அணிந்து ஆடும் பெண்களை உலகக் காற்பந்து சம்மேளனம் 2014-இல்தான் முறைப்படி அனுமதித்தது. கூடைப்பந்தில் 2017-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் இதே போன்ற அநியாயம்தான். நீளம் வேண்டும் என்றால் எனக்குச் சொல்லுங்கள். கணுக்காலில் விலா நெசவுப் (ரிப்) பட்டி வைத்து, காலில் சிக்காமல், இலேசான துணியில் நானே தைத்துத் தருகிறேன். நீளக் கால்சட்டையிலும் ஓடத் தகுந்தது, தகாதது என்று இருக்கிறது. விதி எழுதியவர்கள் அதைக்கூட யோசிக்கவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

18 ஆண்டுகளாக நம் பெண் பிள்ளைகளின் உடம்பை அளந்து வருகிறவள் நான். பத்து வயது வரைக்கும் பிள்ளை அளவு கொடுக்கும்போது கையை விரித்து நிற்கும், சிரிக்கும், கூச்சம் இருக்காது. பத்து, பதினொன்று ஆனதும் தோள் உள்ளே வளைகிறது. அளவு நாடாவை மார்பில் சுற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா, இரண்டு அங்குலம் சேர்த்து விடுங்கள் என்கிறார். நானும் சேர்த்து விட்டிருக்கிறேன். மறு ஆண்டு அதே பிள்ளை வரும்போது, ஓட்டத்தில் சேரவில்லையா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டும். ஏன் என்று கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார். மாதவிடாய் தொடங்கும் வயது அது. வியர்வை, கறை, உள்ளாடை என்று ஏற்கெனவே ஆயிரம் கவலை அந்தப் பிள்ளைக்கு. அந்த நேரத்தில் பள்ளி அவளுக்குத் துணை நிற்க வேண்டாமா? உடை மாற்ற ஒரு மறைவிடம், நாப்கின் வைத்த ஒரு பெட்டி, விளையாட்டுக்கு அணியும் உள்ளாடை பற்றி அம்மாக்களுக்கு ஒரு பெண் ஆசிரியையின் விளக்கம், இவை சுற்றறிக்கையில் இருந்திருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். ஒரு மாணவருக்கு ஒரு விளையாட்டு என்று 2011-இலிருந்து கல்வியமைச்சு சொல்லி வருகிறது. பெண் பிள்ளைகள் 11 வயதில் கழன்றுபோனால் அந்தத் திட்டம் யாருக்கு?

என்னிடம் ரவிக்கை தைக்கும் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அளவு எடுத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதியை எனக்குப் படித்துக் காட்டினார். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றோடு பாலினத்தின் அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2001-இல் அதில் சேர்த்திருக்கிறார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் மலேசியா 1995-இலேயே சேர்ந்திருக்கிறது. விளையாட்டிலும் உடற்கல்வியிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று அதன் 10-ஆவது விதி சொல்கிறது. உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்க இதைச் சொல்லவில்லை. அப்படி ஓர் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. இந்தப் பள்ளியில்தான் என் மகள் தமிழ் எழுதப் படித்தாள். ஆசிரியர்கள் மாலையில் இலவசமாக வகுப்பு எடுத்து அவளைத் தூக்கிவிட்டார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை வரவேண்டும் என்று வீடு வீடாக நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படி நடந்தவள் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டுச் சுற்றறிக்கையில் மாணவர், மாணவி என்று இரண்டு பகுதி வேண்டாம். இல்ல நிறச் சட்டை, விளையாட்டுக்கு ஏற்ற கால்சட்டை என்ற அந்த ஒரு வரியே இருவருக்கும் போதும். நீளமா, அரைக்காலா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். உடை ஆபத்தானது, கிழிந்திருக்கிறது, நழுவுகிறது என்றால் ஆணோ பெண்ணோ மாற்றச் சொல்லுங்கள். அதுவும் போட்டிக்கு முந்தைய பயிற்சியிலேயே சொல்லுங்கள், அழைப்பு மேசையில் நூறு பேர் பார்க்க வேண்டாம். விதி எழுத உட்காரும் குழுவில் ஓடுகிற மாணவிகள் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். எனக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. துணியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

என் மகள் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. விட்டுவிடுவாளோ என்று இரண்டு வாரம் பயந்தேன். மூன்றாவது வாரம் எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டி, திடலுக்கு வருகிறாயா என்று கேட்டான். சிவப்புப் புள்ளி வைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். வட்டாரப் போட்டிக்குப் பெண்கள் அஞ்சல் ஓட்ட அணியில் அவள் பெயரும் இருப்பதாக உடற்கல்வி ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

மஸ்ஜிட் இந்தியாவில் வாங்கிய அந்த நீலத் துணியில் இன்னும் இரண்டரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. அந்த அஞ்சல் ஓட்ட அணியின் நான்கு பிள்ளைகளுக்கும் தாராளமாகப் போதும், கூலி வேண்டாம். 15 அங்குலமா, கணுக்கால் வரையா என்று அந்த நான்கு பேரையும் கேட்டு, உங்கள் ஒப்புதலோடு எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை கத்தரி வைக்காமல் துணியை மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டு 5 மாணவி ஒருத்தியின் தாய்,
கோலாலம்பூர்